நீ எந்தக் கட்சி?

பழிவாங்கும் கதையை எழுதுவதைவிடச் சுலபமான வேலை கதை எழுதுகிறவனுக்கு வேறு கிடையாது. முதல் அத்தியாயத்தில் ஒருவனை அடிக்க வேண்டியது. கடைசி அத்தியாயத்தில் அவன் திருப்பி அடிக்க வேண்டியது. நடுவில் உள்ள முந்நூறு பக்கங்களையும் வாசகரே கோபத்தோடு புரட்டிக்கொள்வார். வெகு காலமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தத் தொழில் ரகசியத்தை நான் வெளியிடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. கொரிய யுத்தத்தைப் பற்றிக் கொரியர்களே எழுதிய கதைகளைச் சில வருஷங்களாக ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். படிக்கும்படி நண்பர்களிடமும் சொல்லி வருகிறேன். கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பழகிய நண்பர்கள், பழிவாங்குவதில் அந்த நாட்டாரை மிஞ்ச ஆளில்லை என்ற எதிர்பார்ப்போடு புத்தகத்தை வாங்கிப் போகிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் ஓர் ஏமாற்றம். "என்ன சார், துப்பாக்கியை எடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கதாநாயகன் யோசித்துக்கொண்டே நிற்கிறானே!" என்றார் ஒருவர். இன்னொருவர் அரசியல் ஈடுபாடு உள்ளவர். எது நியாயம், எது அநியாயம் என்று சொல்லப் பயப்படுகிற கோழை எழுத்து என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். மூன்றாமவர் இவர்களைவிட ஆபத்தானவர். அவருக்குக் கதைகள் பிடித்திருந்தன! எல்லோரும் மனிதர்கள்தானே, மன்னித்து மறந்துவிட வேண்டும் என்கிற உயர்ந்த மனிதாபிமானம் என்று புகழ்ந்து தள்ளினார்.

இந்த மூன்று பேரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. உற்றுப் பார்த்தால் மூவரும் கேட்பது ஒன்றுதான்: மனிதன் என்றால் முழுசாக ஒரு பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றால் பழிவாங்கலாம், அல்லது நியாயம் பேசலாம், அல்லது பெரிய மனசு பண்ணி மன்னிக்கலாம். அப்படி நிற்க முடியாமல் நடுவே பிளந்துபோன மனிதனை அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை. கொரிய யுத்தக் கதைகளில் நல்லவை எல்லாம் அந்த மனிதனைப் பற்றியவை. பழிவாங்குவதற்கு முன்னால் அவன் தன்னில் ஒரு பாதியைக் கொன்றாக வேண்டும். இதுதான் அந்தக் கதைகள் சொல்லும் விஷயம். அதைக் கோழைத்தனம் என்பது தப்பு. மனிதாபிமானம் என்று பெயரிட்டு மூட்டை கட்டி வைப்பதும் தப்பு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடையும் தறுவாயில், வாஷிங்டனில் இரண்டு ராணுவ அதிகாரிகள் ஒரு தேசப்படத்தை வைத்துக்கொண்டு, 38ஆவது அட்சரேகையில் கொரியாவை இரண்டாக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சுமார் அரை மணி நேரம். அந்த இருவரில் ஒருவரான டீன் ரஸ்க் பிற்பாடு அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியாகவே ஆனார். ஆயிரம் வருஷமாக ஒரே ராஜ்யமாக இருந்த தேசம் அது. பாஷை ஒன்று, சோறு ஒன்று, பாட்டன் பூட்டன் ஒன்று. கோட்டுக்கு வடக்கே ரஷ்யா வந்தது, தெற்கே அமெரிக்கா வந்தது. 1948இல் இரண்டு சர்க்கார்கள் பிறந்தன. 1950 ஜூன் 25ஆம் தேதி வடக்குப் படை கோட்டைக் கடந்தது. 1953 ஜூலை 27ஆம் தேதி போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. சமாதான உடன்படிக்கை என்று ஒன்று இன்றுவரை கையெழுத்தாகவில்லை.

சியோல் நகரத்தின் கதையை மட்டும் கேளுங்கள். 1950 ஜூன் கடைசியில் வடக்குப் படை அதைப் பிடித்தது. செப்டம்பர் கடைசியில் அமெரிக்கர்களும் தெற்குப் படையும் மீட்டார்கள். 1951 ஜனவரியில் வடக்கத்தியாரும் சீனரும் சேர்ந்து பிடித்தார்கள். மார்ச்சில் மறுபடியும் தெற்கின் கைக்கு வந்தது. ஒன்பது மாதங்களுக்குள் நாலு தடவை! ஒவ்வொரு தடவையும் வந்த படை கேட்ட முதல் கேள்வி, போன படைக்குச் சோறு போட்டவன் யார் என்பது. துப்பாக்கி முனையில் அரிசி மூட்டை தூக்கியவனும் துரோகி; ஓட முடியாமல் வீட்டில் கிடந்தவனும் துரோகி. டேஜான் என்ற நகரில் ஜூலையில் தெற்கு சர்க்கார் பின்வாங்கும்போது தன் சிறையிலிருந்த கைதிகளைக் கொண்டுபோய்ச் சுட்டுக் குழியில் தள்ளியது. செப்டம்பரில் வடக்குப் படை பின்வாங்கும்போது அதே ஊரில் அதே காரியத்தைச் செய்தது. ஒரே கோடையில் ஒரே ஊர் இரண்டு கொள்கைகளுக்கும் பலியாயிற்று.

இந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவன் பழிவாங்க வேண்டுமானால் யாரைப் பழிவாங்குவது? நம்முடைய கண்ணகி மதுரையை எரித்தாள். நாம் அவளுக்குக் கோயில் கட்டினோம். அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: பாண்டியன் அவளுடைய அண்ணன் அல்ல. கொரியக் கதைகளில் பாண்டியன் அண்ணனாக இருக்கிறான், மாமனாக இருக்கிறான், பால்ய சிநேகிதனாக இருக்கிறான். சில வேளைகளில் கண்ணகியாகவே இருக்கிறான்.

பிளவுபட்ட மனிதனை அமெரிக்கர்களும் எழுதியிருக்கிறார்கள். ரிச்சர்ட் கான்டன் 1959இல் எழுதிய 'மஞ்சூரியன் காண்டிடேட்' அந்த யுத்தத்தைப் பற்றிய நாவல்களில் மிகவும் பிரசித்தமானது. கொரியாவில் பிடிபட்ட ஓர் அமெரிக்கச் சிப்பாயின் மூளையைச் சத்துருக்கள் சலவை செய்து அனுப்பிவிடுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகு ஒரு சீட்டைக் கண்டால் போதும், சொன்னவனைச் சுட்டுவிடுவான். ஒரே உடம்பில் வீரன் ஒருவன், கொலைகாரன் ஒருவன். கடைசியில் தன்னை இப்படி ஆட்டிவைத்த தாயையும் மாற்றாந்தகப்பனையும் சுட்டுத் தானும் மாள்கிறான். படிக்க விறுவிறுப்பான புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் நம்பிக்கை என்ன? மனிதன் இரண்டாகப் பிளப்பது எதிரி செய்யும் சூழ்ச்சி. சூழ்ச்சிக்காரனைச் சுட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது. 21 அமெரிக்கக் கைதிகள் தாய்நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டபோது அந்த தேசத்துக்கு ஏற்பட்ட பீதியை எண்ணிப் பார்த்தால், இப்படி ஒரு நம்பிக்கை அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். கொரியனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவனை யாரும் மயக்கிப் பிளக்கவில்லை. பிறந்த வீடே அவனைப் பிளந்தது.

இனி நண்பர்களின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கியை எடுக்க வேண்டிய இடத்தில் யோசிக்கிறான் என்பது முதல் குற்றச்சாட்டு. ஹ்வாங் சுன்-வோன் 1953இல் எழுதிய 'கொக்குகள்' என்ற சிறுகதை அதற்குச் சரியான உதாரணம். சில பக்கங்களே உள்ள கதை. 38ஆவது ரேகையை ஒட்டிய கிராமம். சோங்சாம் தெற்குத் தரப்பின் காவல் வேலையில் ஊருக்கு வருகிறான். வடக்கத்தியாரின் விவசாய சங்கத்தில் பதவி வகித்த குற்றத்துக்காகக் கயிற்றால் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். பார்த்தால் டோக்சே, கூடவே வளர்ந்த சிநேகிதன். அவனை அடுத்த ஊருக்கு நானே கொண்டுபோகிறேன் என்று சோங்சாம் கிளம்புகிறான். எத்தனை பேரைக் கொன்றாய் என்று வழியில் அதட்டுகிறான். பதிலிலிருந்து தெரிவது இதுதான்: டோக்சே பரம ஏழை, அதனால் பதவியில் உட்கார்த்தி வைத்தார்கள். தகப்பன் படுத்த படுக்கை, அதனால் ஓடவில்லை. வயலில் விதைத்ததை விட்டுவிட்டு உழவன் எங்கே ஓடுவான்? ஆளற்றுக் கிடக்கும் எல்லைப்புற வெளியில் கொக்குகள் நிற்கின்றன. சிறு வயதில் இருவரும் கண்ணி வைத்து ஒரு கொக்கைப் பிடித்ததும், அதைச் சுட ஆள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடிப்போய் அவிழ்த்துவிட்டதும் சோங்சாமுக்கு ஞாபகம் வருகிறது. வா, கொக்குப் பிடிக்கலாம் என்று சொல்லிக் கயிற்றை அவிழ்க்கிறான். தன்னைச் சுடத்தான் போகிறான் என்று டோக்சே முதலில் வெலவெலத்துப் போகிறான். அப்புறம் புரிந்துகொண்டு புல்லுக்குள் ஊர்ந்து மறைகிறான்.

இதைச் சிநேகிதத்தின் மகிமை பேசும் இனிய கதை என்று சொல்லாதீர்கள். அந்தக் கயிற்றை அவிழ்ப்பது யுத்தகாலத்தில் ஒரு குற்றம். கைதி எங்கே என்று அடுத்த ஊரில் கேட்பார்களே, சோங்சாம் என்ன சொல்லப் போகிறான்? ஆசிரியர் அங்கே போகாமல் கதையை நிறுத்திவிடுகிறார். சோங்சாம் யோசிக்கிறான் என்பது உண்மை. ஆனால் அவன் யோசித்து முடிவு செய்த காரியம் சுடுவதைவிட அபாயமானது. சுட்டிருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும்! கட்டப்பட்டவனுக்கும் கட்டிப்போகிறவனுக்கும் ஒரே பால்யம். அந்தப் பால்யத்தில் பாதி கயிற்றில் கிடக்கிறது. அதைச் சுடாமல் விட்டவனை யோசிக்கிறவன் என்று ஏளனம் செய்தால் நாம் எதைத்தான் வீரம் என்போம்?

பழியைக் கையில் எடுத்தவனையும் இந்த இலக்கியம் காட்டத்தான் செய்கிறது. சோய் இன்-ஹூன் 1960இல் எழுதிய 'சதுக்கம்' என்ற நாவலில் லீ மியோங்-ஜுன் என்று ஒரு தத்துவ மாணவன். அப்பா வடக்கே போய் வானொலியில் பேசுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக சியோல் போலீஸார் அவனைக் கூப்பிட்டு ரத்தம் வர அடிக்கிறார்கள். மனம் வெறுத்து வடக்கே ஓடுகிறான். அங்கே எல்லோரும் மேலிடத்துச் சொல்லை ஒப்பிக்கிறார்கள். தானாக ஒரு வார்த்தை எழுதியவன் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. யுத்தம் வருகிறது. இப்போது வடக்கின் பாதுகாப்பு அதிகாரியாக அதே சியோலுக்கு வருகிறான். ஒரு காலத்தில் தன்னை வைத்துச் சோறு போட்ட குடும்பத்தின் பிள்ளை கைதியாக எதிரே நிற்கிறான். தன் பழைய காதலி இப்போது அவனுக்கு மனைவி. முன்பு தான் அடிபட்ட அதே போலீஸ் கட்டடத்தில், தன்னை அடித்தவன் எப்படி அடித்தானோ அப்படியே மியோங்-ஜுன் அவனை அடிக்கிறான். அந்தப் பெண்ணையும் அவமானப்படுத்தத் துணிகிறான். முடியவில்லை. கடைசியில் இருவரையும் தப்ப விடுகிறான்.

பழி கேட்ட நண்பருக்கு இதோ பழி. பழிவாங்கும்போது அவன் யாராகிறான் பார்த்தீர்களா? தன்னை அடித்த போலீஸ்காரனாகவே ஆகிவிடுகிறான். அதே அறை, அதே கை வீச்சு. அடி வாங்கிய மாணவன் அந்த அறையில் எங்கே போனான்? அவனைக் கொன்ற பிறகுதான் இந்த அதிகாரி கையை ஓங்க முடிந்தது. அதிகாரிக்குள் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்த அந்த மாணவன்தான் கதவைத் திறந்துவிட்டான். இதை எழுத முடியாதவர்கள்தான் பழியை இனிப்பாக எழுதுவார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு கோழைத்தனம். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. தென் கொரியாவில் சிவப்பு என்று பேர் வாங்கியவனின் பிள்ளைக்கும் பேரனுக்கும் சர்க்கார் உத்தியோகம் கிடையாது. வெளிநாடு போக அனுமதி கிடைக்காது. குடும்பத்தின் மேல் குற்றம் சுமத்தும் இந்த முறையைத் தடை செய்து 1980ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில்தான் எழுதினார்கள். வடக்கிலோ பூர்வீகத்தை வைத்தே மனிதனைத் தரம் பிரித்தார்கள். இந்தச் சூழ்நிலையில் உட்கார்ந்து எழுதினார்கள் ஐயா, இவர்கள்! 'சதுக்கம்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஏப்ரலில் மாணவர்கள் தெருவுக்கு வந்து சிங்மன் ரீயின் ஆட்சியைக் கவிழ்த்த பிறகுதான் அது பத்திரிகையில் வர முடிந்தது. அடுத்த வருஷம் மே மாதமே ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. நடுவில் திறந்திருந்த ஒரு வருஷத்து ஜன்னல் வழியாக வெளியே வந்த நாவல் அது.

ஜேஜு தீவில் 1948இல் தொடங்கிய கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று ஊர் ஊராகக் கொன்றார்கள். மாண்டவர்கள் 25,000 முதல் 30,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். முப்பது வருஷம் அதைப் பற்றி வாய் திறக்க ஆளில்லை. ஹியூன் கி-யோங் 1978இல் ஒரு கதை எழுதினார். ஒரு வயலில் நடந்த படுகொலையில் தப்பிப் பிழைத்த ஒரு பெண்பிள்ளை, எத்தனையோ வருஷம் கழித்து அதே வயலில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். கதையை எழுதியதற்காக ஆசிரியரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தார்கள். ஜோ ஜுங்-ரே 1983 முதல் 1989 வரை பத்து பாகங்களில் 'டேபெக் மலைத்தொடர்' என்ற நாவலை எழுதினார். 1994இல் அவர்மேல் தேசப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் வந்தது. குற்றமில்லை என்று முடிய 2005 ஆயிற்று. பதினோரு வருஷம்! கோழைகளை எந்த சர்க்காரும் இவ்வளவு சிரமப்பட்டுத் துரத்துவதில்லை.

அந்தப் பெரிய நாவலில் அண்ணன் தம்பி இருவர் வருகிறார்கள். அண்ணன் யோம் சாங்-ஜின் கம்யூனிஸ்டுத் தலைவன், மலையில் இருக்கிறான். தம்பி சாங்-கு அடியாள். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடும் கூட்டத்தில் ஊரை ஆட்டுகிறவன். சின்ன வயதிலிருந்தே தம்பிக்கு அண்ணன் மேல் பொறாமையும் பகையும். ஆயிரக்கணக்கான பக்கங்களில் வாசகன் எதிர்பார்ப்பது இருவரும் மோதும் அந்த ஒரு கணத்தை. அது வரவில்லை. அகப்படுவதற்குப் பதிலாக அண்ணன் தோழர்களோடு தன்னையே மாய்த்துக்கொள்கிறான். அவன் தலையை ஊருக்குள் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைக்கிறார்கள். அந்தத் தலையை இறக்கு என்று சண்டைக்கு நிற்பவன் யார் தெரியுமா? தம்பிதான்! உயிரோடு இருந்தவரைதான் அவன் சிவப்பு. செத்த பிறகு என் அண்ணன் என்பது அவன் வாதம். எதிர்பார்த்த மோதலைத் தராத நாவலாசிரியர் அதைவிடப் பெரிய ஒன்றைத் தந்துவிட்டார். அந்த அடியாளின் வாயிலிருந்து இது வருகிறதே, அதுதான் விசேஷம். நல்லவன் ஒருவன் சொல்லியிருந்தால் பிரசங்கமாகப் போயிருக்கும்.

யூன் ஹுங்-கில் 1973இல் எழுதிய 'அடைமழை'யிலும் இதே பிளவுதான். ஆனால் அங்கே அது ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. ஒரு சிறுவன், அவன் வீட்டில் இரண்டு பாட்டிகள். அம்மாவைப் பெற்ற பாட்டியின் மகன் தெற்குப் படையில் சேர்ந்து மாண்டுவிட்டான். அப்பாவைப் பெற்ற பாட்டியின் மகனோ சிவப்பர்களோடு மலையில் இருக்கிறான். அம்மா வழிப் பாட்டி, பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் சிவப்பர்கள் எல்லாம் நாசமாய்ப் போக என்று வானத்தைப் பார்த்துச் சபிக்கிறாள். அந்தச் சாபம் யார் தலையில் விழும்? சம்பந்தியின் பிள்ளை தலையில். பையனோ இரண்டு மாமன் சித்தப்பன்மாருக்கும் வேண்டியவன். வேற்றாள் ஒருவன் நீட்டிய சாக்லேட்டுக்கு ஆசைப்பட்டு, சித்தப்பா ராத்திரி வந்துபோன சங்கதியை உளறியும் விட்டான். மகன் இன்ன நாளில் வருவான் என்று குறி சொன்னதை நம்பி அப்பா வழிப் பாட்டி சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்குள் வருவது ஒரு பாம்பு. கிழவி மூர்ச்சை போட்டு விழுகிறாள். சாபம் கொடுத்த அந்த மற்றப் பாட்டிதான் முன்னால் வந்து, செத்துப்போன பிள்ளையே வந்திருப்பதாகப் பாவித்து, நல்ல வார்த்தை சொல்லி, கிழவியின் தலைமுடியை எரித்துப் புகை காட்டி, கவலையில்லாமல் போய் வா என்று பாம்பை வழியனுப்புகிறாள்.

பாம்பை வைத்தா யுத்தப் பிரச்னையைத் தீர்ப்பது, மூட நம்பிக்கை அல்லவா என்று பகுத்தறிவு பேசலாம். பேசுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். மலையில் மாண்ட சிவப்பனுக்குப் பிணம் கிடையாது, சமாதி கிடையாது. வாய்விட்டு அழுதால் போலீஸ் கேட்கும். அந்தத் தாய்க்கு அழ ஓர் அனுமதி வேண்டியிருந்தது. சட்டம் தராததை ஒரு பாம்பைச் சாக்காக வைத்து எதிர்க் கட்சிக்காரி தந்தாள். அவள் தன் மகனை மறந்துவிட்டா இதைச் செய்தாள்? இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதால்தான் அவளால் செய்ய முடிந்தது.

இங்கே மூன்றாவது நண்பர் மகிழ்ச்சியோடு குறுக்கிடுவார்: "நானும் அதைத்தானே சொன்னேன், மன்னித்து மறந்துவிட வேண்டும் என்று!" மன்னிக்கவும். அவருக்குப் பதில் சொல்ல ஹ்வாங் சோக்-யோங் எழுதிய 'விருந்தாளி' இருக்கிறது. 2001இல் வந்த நாவல். இந்த ஆசிரியர் 1989இல் தடையை மீறி வடக்கே போய் வந்தவர். 1993இல் நாடு திரும்பியதும் சிறைக்குப் போய் 1998இல்தான் வெளியே வந்தார். வடக்கே சின்சோன் என்ற வட்டாரத்தில் 1950 கடைசியில் பெரும் படுகொலை நடந்தது. 35,000 பேருக்கு மேல் மாண்டார்கள், கொன்றவர்கள் அமெரிக்கர்கள் என்று வடக்கு சர்க்கார் சொல்லி, அதற்கென்று ஒரு மியூசியமே வைத்திருக்கிறது. ஹ்வாங்கின் நாவல் வேறு கதை சொல்கிறது. கொன்றவர்களும் அந்த ஊர்க்காரர்களே. கிறிஸ்தவர்கள் கம்யூனிஸ்டுகளையும் கம்யூனிஸ்டுகள் கிறிஸ்தவர்களையும் கொன்றார்கள். நேற்றுவரை ஒன்றாகக் களை பறித்தவர்கள். அமெரிக்காவில் வாழும் ஒரு வயோதிகப் பாதிரியார் பல வருஷம் கழித்துப் பிறந்த ஊரைப் பார்க்கப் போகிறார். அவருடைய அண்ணன் அந்தக் கொலைகாரர்களில் ஒருவன். அண்ணனின் ஆவியும் அவனால் செத்தவர்களின் ஆவிகளும் கூடவே வருகின்றன.

விருந்தாளி என்பது அம்மை நோய்க்குக் கொரியாவில் வழங்கும் பெயர். நாமும் அம்மை என்று மரியாதையாகத்தானே சொல்கிறோம்? வெளியிலிருந்து வந்த கிறிஸ்தவமும் மார்க்ஸியமும் அந்த நாட்டுக்கு இரண்டு அம்மைகள் என்கிறார் ஆசிரியர். செத்தவர்களின் ஆவிகளைச் சாந்தி பண்ணி அனுப்பும் நாட்டுச் சடங்கு ஒன்றின் பன்னிரண்டு கட்டங்களையே நாவலின் பன்னிரண்டு அத்தியாயங்களாக வைத்திருக்கிறார். அந்தச் சடங்கில் மறதிக்கு இடமில்லை. கொன்றவன் தான் கொன்றதைச் சொல்ல வேண்டும். யாரை, எந்த இடத்தில், எதனால் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். செத்தவன் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்புறம்தான் போக முடியும். எல்லோரும் மனிதர்கள்தானே என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அது செய்தவனுக்குத்தான் சௌகரியம். பழியை மறுக்கும் இலக்கியம் கணக்கையும் மறுக்கிறது என்று நினைத்துவிட்டார் நண்பர். கணக்கைப் பைசா விடாமல் கேட்கிற இலக்கியம் இது.

மறுபடியும் 'சதுக்க'த்துக்கு வருகிறேன். ஏனென்றால் நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

மியோங்-ஜுனின் காதலி போர்முனையில் வயிற்றுப் பிள்ளையோடு மாண்டுவிடுகிறாள். அவன் கைதியாகிறான். போர் நின்ற பிறகு ஒவ்வொரு கைதியையும் மேஜைக்கு முன்னால் நிறுத்தி, வடக்கா தெற்கா என்று கேட்டார்கள். மியோங்-ஜுனிடம் இரு தரப்பும் ஆசை காட்டுகின்றன, குழைகின்றன, அதட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் அவன் பதில் ஒன்றே: நடுநிலை நாடு. நாவலில் அவனை ஏற்றிக்கொண்டு இந்தியாவை நோக்கி வரும் கப்பலுக்கு ஆசிரியர் வைத்த பெயர் தாகூர்.

கர்ணனுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் நாம். அவன் பிறந்த பக்கம் ஒன்று, சோறு தின்ற பக்கம் ஒன்று. தின்ற பக்கத்தில் நின்று மாண்டதால் அவன் உத்தமன் ஆனான். இரண்டு பக்கமும் பிறந்து, இரண்டு பக்கமும் உதைபட்டு, இரண்டிலும் நிற்க மாட்டேன் என்கிற மியோங்-ஜுனை மட்டும் கோழை என்பது என்ன நியாயம்? அந்தக் கேள்விக்கு இரண்டே பதில் என்று விதித்தவர்கள் யார்? அரை மணி நேரத்தில் கோடு போட்டவர்கள்தானே!

இது வெறும் கற்பனை அல்ல. ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளைக் காவல் காத்து விசாரிக்கும் பொறுப்பு 1953இல் நம் தேசத்தின் தலையில் விழுந்தது. ஜெனரல் திம்மய்யா கமிஷனுக்குத் தலைவர். இந்தியச் சிப்பாய்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார் சிங்மன் ரீ. கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் எல்லைப்புற வெளியில் அவர்களை இறக்க வேண்டியிருந்தது. முகாமுக்குள் கைதிகளே ஒருவரை ஒருவர் மிரட்டினார்கள், கொன்றார்கள். நடுவில் நின்ற குற்றத்துக்காக நம்மை இரு தரப்பும் ஏசின. கடைசியில் இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் மிஞ்சினார்கள்: 76 கொரியர்கள், 12 சீனர்கள். 1954 பிப்ரவரியில் அவர்களை ஏற்றிவந்த கப்பல் வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? நம்முடைய சென்னைத் துறைமுகத்துக்கு.

நாவலில் மியோங்-ஜுன் கரை சேரவில்லை. நடுக்கடலில் குதித்துவிடுகிறான். இந்த முடிவோடு எனக்குச் சம்மதமில்லை. மகா நாவல் என்று ஒப்புக்கொண்டே சொல்கிறேன். நடுவில் நிற்பவனுக்கு உலகத்தில் இடமே இல்லை என்ற தீர்ப்பை, அவனை அடித்தவர்கள் சொல்லலாம். அவனைப் படைத்தவர் சொல்லலாமா? நிஜமான 88 பேரும் கரையில் இறங்கினார்கள். டில்லிக்குப் போனார்கள். இரண்டு வருஷம் காத்திருந்து பெரும்பாலோர் பிரேஸிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறினார்கள்; சிலர் இங்கேயே தங்கிப் பிழைத்தார்கள். அது சொர்க்கவாசம் என்று நான் சொல்லவில்லை. இனி அம்மா முகத்தில் விழிக்க முடியாது, சொந்தப் பாஷையில் சண்டை போடக்கூட ஆளில்லை என்ற வாழ்க்கை அது. ஆனாலும் வாழ்ந்தார்கள். சோய் இன்-ஹூன் 2018இல் காலமாகும் வரை இந்த நாவலைத் திரும்பத் திரும்பத் திருத்தி வெளியிட்டார். தன் கதாநாயகனைக் கடலில் விட்டுவிட்டு அவராலும் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கதாபாத்திரத்தைப் பார்த்து, "நீ எந்தக் கட்சி?" என்று கேட்கத் தோன்றும்போது, அதே கேள்வியை அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அவசரம், பட்டியலில் பெயர் எழுத வேண்டும். நமக்கு என்ன அவசரம்? பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிற மனிதனோடு கொஞ்ச நேரம் நாமும் நிற்கலாமே! 'கொக்குகள்' கதையைப் படித்து முடிக்க அரை மணி நேரம் போதும். ஒரு தேசத்தை இரண்டாக்க எடுத்துக்கொண்ட நேரமும் அவ்வளவுதான்.